இறக்கத்தில் ஒரு கையெழுத்து

ஒரு கையெழுத்து. போட்டுவிட்டால் முடிந்தது. சுகிர்தம் மடியில் கிடந்த காகிதத்தை மூன்றாவது தடவையாகப் படித்தாள். மூன்றாவது தடவையும் அது மாறவில்லை. 'பழுது நீக்கத்துக்காக என் வாகனத்தை முழு மனதுடன் ஒப்படைக்கிறேன். மாற்று வாகனமோ இழப்பீடோ கோர மாட்டேன். இது தொடர்பாக எங்கு கொடுத்துள்ள புகாரையும் திரும்பப் பெறுகிறேன்.' முழு மனதுடனாம். முழுசா அரையா என்று அளந்து பார்த்தவன் எவன்? லாரி குன்னூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் மூக்கை இறக்கியது. அவளுக்கு இந்தப் பக்கம் ஸ்டியரிங்கில் மாரப்பன், அந்தப் பக்கம் ஜன்னலோரம் அவள் புருஷன் அருமைநாயகம், முதுகுக்குப் பின்னால் தட்டை மேடையில் நாலு சக்கரமும் பட்டையால் இறுக்கிக் கட்டப்பட்ட அவளுடைய கார். மயில்நீலம். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும், ஹைப்ரிட். வாங்கிப் பதினாலு மாதம். அதில் கடைசி நாலு மாதம் வாசலில் தார்ப்பாய்க்கடியில் நின்றது. நிற்கிற காருக்கு ஓடுகிற தவணை. மாரப்பன் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமலே சொன்னான்: "அக்கா, அந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்துப் போட்டு வெச்சிருங்க. கீழ போனதும் மொதல்ல அதத்தான் கேப்பாங்க. அது இல்லாம வண்டிய எறக்க வேண்டாம்னு ஷோரூம்ல சொல்லியுட்டிருக்கறாங்க." அவன்மேல் தப்பில்லை. எய்தவன் இருக்க அம்பை நோகக் கூடாது. "பாக்கறேன் தம்பி" என்றாள். கீழே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. பார்க்கலாம்.

காது அடைத்தது. அவள் எச்சில் விழுங்கினாள். எத்தனை வருஷமாக இறங்கினாலும் இந்த இடத்தில் காது அடைக்காமல் விட்டதில்லை. முப்பத்திரண்டு வருஷம் முன்னால் நாசரேத்திலிருந்து இரும்புப்பெட்டியோடு இந்த மலைக்கு நர்ஸ் வேலைக்கு ஏறி வந்தபோதும் அடைத்தது. அப்போது அழுகையும் சேர்ந்து அடைத்ததால் எது எதென்று தெரியவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில்தான். நின்றுகொண்டு, வாந்தி எடுக்கிறவர்களுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்துக்கொண்டு. அதனால்தான் கார். அவள் பேரில், அவள் சம்பளத்தில், அஞ்சு வருஷக் கடனில். அவள் குடும்பத்தில் காருக்குச் சொந்தக்காரி என்று இதுவரை ஒருத்தியும் கிடையாது. அன்றைக்கு ஷோரூமில் மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், ரிப்பன் கட்டிய சாவியைப் பூதாகரமான அட்டையில் செய்து கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள், நடுவில் காகிதக் கட்டை நீட்டி இங்கே மேடம், இங்கே மேடம், இங்கேயும் மேடம் என்றார்கள். வார்டில் ஒரு ஊசிச் சீட்டைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போடாத சுகிர்தம் சிஸ்டர் நாற்பத்திரண்டு இடத்தில் போட்டாள். சிரித்துக்கொண்டே போட்டாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உள்ளங்கை வியர்க்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. எண்ணிக்கை மட்டும் அவளுக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்து நகலை வாங்கி உட்கார்ந்து எண்ணினாள்.

கார்க் கோளாறை முதலில் கண்டுபிடித்தது இவருடைய மூக்கு. அருமைநாயகம் இருபத்தெட்டு வருஷம் மலை ரயிலில் பிரேக்ஸ்மேன். ஒரு பெட்டியின் முன்னால் நின்றுகொண்டு இன்ஜின் விசிலைக் கேட்டு பிரேக்கைச் சுழற்றுகிற வேலை. ஏறுவது இன்ஜின் வேலை, இறங்குவது மனுஷன் வேலை என்று எவனாவது காதைக் கொடுத்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். போன வருஷம் கார் பர்லியாறு தாண்டும்போது, "சுகிர்தா, ஏதோ வாசனை வருதே" என்றார். பிரேக் சூடாகியிருக்கும் என்றாள் அவள். "பிரேக் வாசனை எனக்குத் தெரியாதாக்கும்? இது கம்பி வாசனை." ஷோரூமில் மேனேஜர் நவநீதன், சின்ன வயசுக்காரன், வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். மலையில இறங்கினா வாசனை வரத்தான் சார் செய்யும், பழகிடும். ஒன்பது மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம். பாதுகாப்புக் காரணத்தால் இந்த மாடலைத் திரும்ப அழைக்கிறோம் என்று. கோபித்துக்கொண்டு போன மருமகளையா அழைக்கிறார்கள்? இறங்கும்போது பிரேக் பிடிக்கப் பிடிக்க பேட்டரிக்கு மின்சாரம் ஏறுமாம்; நிரம்பியதும் நிற்கவேண்டியது சில வண்டிகளில் நிற்காதாம்; சூடேறலாம், தீப்பிடிக்கலாம். ஆகவே புதுப் பாகம் வரும்வரை அறுபதுக்கு மேல் போகாதீர்கள், கூரைக்கடியில் நிறுத்தாதீர்கள், நீண்ட இறக்கங்களைத் தவிருங்கள். குன்னூரில் குடியிருப்பவளிடம் சொல்கிறார்கள், இறக்கத்தைத் தவிர் என்று! பால் வாங்கப் போனால் இறக்கம், சர்ச்சுக்குப் போனால் இறக்கம், கண் ஆஸ்பத்திரிக்குப் போகணுமானால் கோயமுத்தூர்வரை இறக்கம். அருமைநாயகத்துக்கு இடது கண் மங்கல்; அந்தக் கடிதத்தை நல்ல கண்ணுக்குக் கிட்டே வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். டீக்கடையில் பத்துப் பேருக்காவது காட்டியிருப்பார். அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது, கார் கெட்டதற்கா என்று கேட்டால் கெட்டதற்குத்தான்.

ஒரு திருப்பம். உடம்பு மாரப்பன் பக்கம் சாய்ந்தது. பின்னால் பட்டை முறுக்கிக்கொண்டு கிறீச்சிட்டது, அவள் நெஞ்சு ஒரு தடவை தப்பி அடித்தது. நிற்கிற பேட்டரி சூடாகுமா? ஆகாது. அணைத்துத்தான் வைத்திருக்கிறது. இந்த லாரிக்கே அவள் மூன்று கடிதம் எழுதவேண்டியிருந்தது. வண்டியைக் கீழே ஷோரூமுக்கு ஓட்டி வாருங்கள் மேடம் என்றான் நவநீதன். இறக்கத்தில் ஓட்டாதே என்று எழுதியதும் நீங்கள்தான், இறக்கி வா என்பதும் நீங்கள்தான், இரண்டில் எதைச் செய்ய? உங்கள் செலவில் ஏற்றிக்கொண்டு போங்கள், அதுவரை எனக்கு ஒரு மாற்று வண்டி கொடுங்கள். பேங்கில் கேட்டால், கடன் வேற கார் வேற மேடம், வண்டி ஓடுதா நிக்குதாங்கறது எங்க விஷயம் இல்ல என்றார்கள். தவணையை நிறுத்திவிடலாமா என்று கொதித்தாள். நுகர்வோர் உதவி எண்ணில் பேசிய பெண் குரல், யார் பெற்ற பிள்ளையோ, நிறுத்தாதீங்கம்மா, நிறுத்தினா உங்க பேருதான் கெடும், கட்டிக்கிட்டே கேளுங்க, நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், கம்பெனி இருக்கற ஊருக்கு அலைய வேண்டாம் என்றது. அப்படித்தான் ஊட்டியில் நுகர்வோர் ஆணையத்தில் அவள் புகார் கொடுத்தாள். வக்கீல் வைக்காமல், தானே தமிழில் எழுதி, கூடவே ஒரு நோட்டு. இருநூறு பக்க கோடு போட்ட நோட்டு. எழுதாதது நடக்காதது, வார்டில் புதுசாக வருகிற பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அதுதான். தேதி, நேரம், பேசியவர், சொன்னது. 'காலை 10.20. நவநீதன். பார்ட் ரெண்டு வாரத்துல வந்துடும் மேடம்.' அந்த ரெண்டு வாரம் நோட்டில் ஒன்பது இடத்தில் இருக்கிறது. அங்கே குமாஸ்தா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க என்னம்மா வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். நர்ஸ் என்றாள். அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த நாற்காலி. அவள் அதில் உட்கார்ந்ததை நினைக்கும்போதெல்லாம் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது, இப்போது லாரியிலும் நிமிர்ந்தது.

அதையும் சேர்த்துத்தான் இந்தக் காகிதம் கேட்கிறது. திரும்பப் பெறுகிறேன். ஒரே வரி, நோட்டு முழுக்கப் போச்சு. போடாவிட்டால்? இந்த வட்டாரத்துக்கே நாலு பாகம்தான் வந்திருக்கிறதாம், இன்றைக்கு விட்டால் அது வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடுமாம், அடுத்த சரக்கு வர இரண்டு மாதமாம். இவருடைய இடது கண்ணுக்கு மாதம் ஒரு ஊசி. இன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு ஒன்று. போன மாதம் பஸ்ஸில் போய்த் திரும்பும்போது கடைசிப் படி தெரியாமல் கால் வைத்து விழுந்தார். இருபத்தெட்டு வருஷம் ஓடுகிற ரயிலின் படியில் நின்ற மனுஷன், நின்றுகொண்டிருந்த பஸ்ஸிலிருந்து விழுந்தார். ஜனம் பார்க்க அவள் அவரைத் தூக்கினாள், அவர் முழங்கை மண்ணைத் தட்டிக்கொண்டே ஒன்னுமில்ல ஒன்னுமில்ல என்றார், அவள் அன்றிரவு தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். அப்படியிருக்க இது என்ன, உரிமையா, வீம்பா? சின்ன வயசில் அம்மா சொல்வாள், ஏட்டி சுகிர்தம், ஒனக்கு மண்டை முழுக்க வீம்பு, கட்டுனவன் பாடு திண்டாட்டம்தான். வார்டிலும் பின்னால் பேசிக்கொள்வார்கள், அவளுக்குத் தெரியும். வீம்புக்குத்தான் இந்த மனுஷனைப் படியில் விழ விடுகிறாளோ? போட்டுத் தொலைத்தால் ஒரு வாரத்தில் கார் வரும். மயில்நீலம் வரும். ஜன்னலோரம் அவர் உட்கார்ந்து வாசனை பிடித்துக்கொண்டு வருவார். பேனா கைப்பையில்தான் இருக்கிறது. கை அதைத் தேடிப் போனது, தொட்டது, விட்டது.

சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் மேடம். நவநீதன் நேற்று போனில் சொன்னது. அந்தக் குரல் எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று நேற்றிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது. பர்லியாறில் பழக்கடைகளின் பலாப்பழ வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தபோது சட்டென்று பிடிபட்டது. அவளுடைய குரல்! ஆபரேஷனுக்கு முன்னால் சொந்தக்காரர்களிடம் சம்மதப் படிவத்தை நீட்டி அவள் சொல்கிற குரல். சும்மா ஃபார்மாலிட்டிதான், இங்கே ஒண்ணு போடுங்க, இங்கேயும். எத்தனை ஆயிரம் பேர். பெருவிரலில் மை தடவி அவளே அழுத்தியிருக்கிறாள். ஒரே ஒரு ஆள் மறுத்தார். தேயிலைத் தோட்டத்துக்காரர், பெண்டாட்டிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டுங்க சிஸ்டர் என்றார். இவளுக்கு எரிச்சல், பின்னால் நாலு கேஸ் காத்திருக்கிறது. படித்தாள். இன்னொரு தடவை படிங்க என்றார். படித்தாள். அந்த இரண்டாம் தடவையில்தான் அதில் என்ன இருக்கிறதென்று அவளுக்கே முழுசாகத் தெரிந்தது. சரி சிஸ்டர், எல்லாம் புரிஞ்சுது, இப்ப போடுறேன் என்று நிதானமாகத் தன் பேரை எழுதினார், எழுத்தெழுத்தாக, நாலு விரல் நீளத்துக்கு. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்ததை அவள் திமிர் என்று நினைத்தாள். எனக்கு அன்றைக்கு என்ன புத்தி அது. வெட்கத்தில் காது மடல் சுட்டது. அவருக்கு உரிமை என்றால் எனக்கு மட்டும் வீம்பா?

லாரி நின்றது. கீழே வளைவில் ஒரு பஸ்ஸும் மரலாரியும் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நிற்க, இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்துவிட்டன. மாரப்பன் கியரைப் போட்டபடியே இன்ஜினை அணைத்தான். அருமைநாயகம் தலையை ஆட்டினார்: "ஆரம்பத்துலேர்ந்து ரெண்டாவது கியர்லதான் வாறாரு. நல்ல டிரைவர்." மாரப்பன் வெட்கப்பட்டான். ஒரு குரங்கு வந்து கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டது. சுகிர்தம் அவர் பக்கம் திரும்பாமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, போட்டுரட்டுமா?"

"எதுக்கு?"

"ஒங்க கண்ணுக்குத்தான். ரெண்டு மாசம் பஸ்ஸுல அலையணும்லா."

அவர் சொன்னார்: "எங் கண்ணுக்காகன்னா போடாத. ஒனக்கே போடணும்னு தோணினா போடு. எனக்கு இன்னொரு கண்ணு இருக்கு, ரெண்டு காலும் இருக்கு. ஒரு தடவ விழுந்தா தெனமும் விழுவேனா?"

அவள் பேனாவை எடுத்தாள். லாரி நிற்கும்போதே எழுதிவிடவேண்டும், ஓடினால் கை ஆடும். கேஸ் ஷீட்டில் தப்பை அடிப்பதற்கு ஒரு முறை உண்டு: கிறுக்கக் கூடாது, மை பூசக் கூடாது, ஒரே கோடு, அடியில் இருந்தது பிறகும் படிக்கத் தெரியவேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பம். இரண்டாம் வரியில் ஒரு கோடு. சுருக்கொப்பம். மூன்றாம் வரியில் ஒரு கோடு. சுருக்கொப்பம். முதல் வரியில் 'முழு மனதுடன்' என்பதற்கு மட்டும் தனியாக ஒரு சின்னக் கோடு. அது அவசியமில்லைதான், ஆனாலும் போட்டாள், போடும்போது தித்தித்தது. கீழே எழுதினாள்: 'படித்தேன். அடித்த வரிகளுக்கு நான் உடன்படவில்லை. பழுது நீக்கத்துக்காக மட்டும் வாகனத்தை ஒப்படைக்கிறேன். ஊட்டியில் என் புகார் நிலுவையில் உள்ளது.' தேதி. மணி 9.40. இடம், பர்லியாறுக்குக் கீழே. அப்புறம் கையெழுத்து, முழுப் பெயராக, ஒரு எழுத்துக்கூட விடாமல். மாரப்பன் எட்டிப் பார்த்தான். "அக்கா, என்னங்கக்கா இப்புடி அடிச்சுப்போட்டீங்க? என்னைய வைவாங்களே!" உங்களை எதற்குத் திட்டுகிறார்கள், போட்டோ எடுத்து அனுப்புங்கள், என்னிடமே பேசட்டும் என்றாள். அவன் எடுத்து அனுப்பி முடிப்பதற்குள் மரலாரி ஒதுங்கி வழி விட்டது, இவர்கள் நகர்ந்து இரண்டு வளைவு இறங்குவதற்குள் போன் வந்தது. மாரப்பன் ஸ்பீக்கரில் போட்டான்.

"மேடம், இது கம்பெனி ஃபார்மேட். இப்படியெல்லாம் அடிச்சா நாங்க வாங்க மாட்டோம்" என்றான் நவநீதன். "பார்ட்டை அடுத்த கஸ்டமருக்குக் கொடுத்துருவோம், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"கொடுங்க தம்பி" என்றாள். குரல் வார்டுக் குரலாக வந்தது, நல்லவேளை. "புகாரை வாபஸ் வாங்காததனால பாதுகாப்புப் பார்ட்டைத் தர மாட்டோம்னு ஒரே ஒரு வரி எழுதி, ஒங்க பேரும் நேரமும் போட்டு எனக்கு அனுப்பிருங்க. டிரைவர் தம்பி வண்டியத் திருப்பிருவாரு. மேல கொண்டுபோய் விடுத செலவும் ஒங்களதுதான், அதையும் எழுதிருங்க. நான் நோட்டுல ஒட்டிக்கிடுதேன்."

ஒரு நிமிஷம் மேடம் என்றான். அவள் கைக்கடிகாரத்தைத் திருப்பி நொடிமுள்ளைப் பார்த்தாள், நாடி பிடிக்கிற பழக்கம். ஒரு சுற்று. தப்புப் பண்ணிவிட்டேனோ. திருப்பு என்று சொல்லிவிட்டால் இவர் இரண்டு மாதம் பஸ் படியில். ஒரு சுற்று. கல்லாறு பாக்குத் தோப்பின் ஈரம் உள்ளே வந்து, அதன்மேல் சமவெளியின் சூடு ஏறியது. காது பட்டென்று திறந்தது, இன்ஜின் சத்தம் பெரிசாகக் கேட்டது, பக்கத்தில் அருமைநாயகம் மூச்சு விடுவதும் கேட்டது. அவர் அவளைப் பார்க்கவில்லை. ஆனால் அவர் முழங்கை அவள் முழங்கையில் இடித்துக்கொண்டு அங்கேயே இருந்தது. திருப்பினால் திருப்பட்டும். இந்தக் கையெழுத்தை இவ்வளவு சுத்தமாக அவள் எங்கேயும் போட்டதில்லை, அது போதும். காருக்கு மாலை போட்ட அன்றைக்குக்கூட அவளுக்கு இப்படி நெஞ்சு நிறைந்ததில்லை. மூன்றாவது சுற்று பாதியில் இருந்தபோது குரல் திரும்ப வந்தது. இப்போது அதில் பல் தெரியவில்லை.

"சரி மேடம், கொண்டு வாங்க. நீங்க எழுதினபடியே வாங்கிக்கறோம். பார்ட் மாட்டிடறோம்." தொண்டையைச் செருமினான். "மாத்து வண்டியும் ஒண்ணு தரச் சொல்லிட்டாங்க. பெட்ரோல் வண்டி, சும்மா ஓட்டிக்கலாம், சார் இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். அதுக்கு ஒரு அக்ரிமென்ட் உங்க வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கேன். ஓகேன்னு ஒரு மெசேஜ் போட்டா போதும் மேடம். வழக்கமா எல்லாரும் போடறதுதான்."

மாரப்பன் "அக்கா!" என்று கத்தி ஹாரனை இரண்டு தடவை அடித்தான். அருமைநாயகம் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நல்ல கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுகிர்தத்தின் கைப்பைக்குள் போன் ஒலித்து அடங்கியது. எடுத்துத் திறந்தாள். விரலால் தள்ளிக்கொண்டே போனாள்; அது போய்க்கொண்டே இருந்தது. மணி பத்தரைகூட ஆகவில்லை. அவள் மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"தம்பி, அந்த டீக்கடை ஓரமா வண்டிய நிறுத்துங்க. மூணு டீ சொல்லுங்க" என்றாள். "பதினோரு பக்கம் இருக்கு."